கழகம் என்று எழுதிய கறுப்பு டீ-சர்ட்

1

போன ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சில் வெள்ளை எழுத்தில் ‘கழகம்’ என்று அச்சடித்த கறுப்பு டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு, புனேயில் நடந்த ஹிப்-ஹாப் திருவிழாவுக்குப் போய்வந்தேன். ஐம்பதைத் தாண்டியவன், முன்வழுக்கை, மூக்குக்கண்ணாடி. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் நான் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடும். அதெல்லாம் இல்லை. அந்தச் சட்டை என் மகள் செய்தது.

இந்தத் திருவிழா வருஷா வருஷம், குளிர் விடைபெறுகிற நேரத்தில், முண்டுவா பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் நடக்கிறது. ஹடப்சரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடலாம். ஆனால் பல காலம் எனக்கு அது வெறும் போக்குவரத்து நெரிசலாகத்தான் இருந்தது. அன்றைக்கு மகர்பட்டா வழியாக வராதே என்று கூட வேலை செய்பவர்கள் எச்சரிப்பார்கள். நான் கோர்படி வழியாகச் சுற்றப் போய், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, வடக்கே போகும் சரக்கு ரயிலின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உள்ளே என்ன நடக்கும் என்று ஒருமுறை மகளிடம் கேட்டேன். அவள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பேசுகிற மாதிரி பாடுவார்கள். சண்டை போடுகிற மாதிரி பேசுவார்கள். சுவர் முழுக்கப் படம் வரைவார்கள். தலையைத் தரையில் ஊன்றிச் சுழல்வார்கள். எல்லோரும் தங்களைவிட இரண்டு சைஸ் பெரிய டீ-சர்ட் போட்டிருப்பார்கள்.

இதில் கடைசி விஷயம் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. நான் திருப்பூர்க்காரன்.

2

மகள் பெயர் கயல்விழி. திருப்பூரை விட்டுக் கிளம்பும்போது கைக்குழந்தை. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சாய ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் எஞ்சினியர் வேலை கிடைத்து இங்கே வந்தேன். ‘கொஞ்ச நாள் பார்த்துட்டுத் திரும்பிடலாமுங்க’ என்று என் மனைவி சுமதி அப்போது சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் காய்கறிக் கடைக்குப் போய் வந்தால் சுமதி, ‘மேத்தி நல்லா இருந்துச்சுங்க, கோத்திம்பீர்தான் வாடிக் கெடந்துச்சு’ என்பாள். வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் எப்போது பெயர் மாற்றிக்கொண்டன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

கயல்விழியின் பெயருக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிய கதை. பள்ளியில் அடையாள அட்டை கேட்டார்கள் என்று ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டரே மராத்தியிலும் எழுதிக்கொள்ளும். அது அவள் பெயரைக் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘கயல்விஜி’ என்று எழுதியது. நான் மறுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. விசைப்பலகையை என் பக்கம் திருப்பி, சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, ‘எந்த எழுத்து என்று நீங்களே காட்டுங்கள் காகா’ என்றாள். தேடினேன். அது அங்கே இருந்தால்தானே. கடைசியில் மராத்தியில் உள்ள ளகரத்தைக் கடன் வாங்கி ‘கயல்விளி’ என்று முடித்தோம். ஆனால் பள்ளிச் சான்றிதழில் அதற்கு முன்பே ‘கயல்விலி’ என்று ஏறியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் இருந்த கயல்விழியோடு சேர்த்து மூன்றும் ஒரே பெண்தான் என்று மனு எழுதி, உறுதிமொழிப் பத்திரம் வைத்து, முத்திரை வாங்கி, அலைந்த அலைச்சலை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். நண்பர்களுக்கு அவள் ‘கே’. “கே போதும்ப்பா. எல்லாருக்கும் ஈஸி,” என்றாள்.

3

திருப்பூரில் எங்கள் இளமைக் காலத்தில் டீ-சர்ட் என்று யாரும் சொல்ல மாட்டோம். உள்ளே போட்டாலும் வெளியே போட்டாலும் பனியன்தான். ஏற்றுமதிக்குத் தைத்ததில் கறை பட்டது, ஊசி ஓட்டை விழுந்தது, சாயம் ஒத்துவராதது எல்லாம் ‘செகண்ட்ஸ்’ ஆகி காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்துவிடும். ஊரே அதைத்தான் உடுத்தியது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரை முதுகில் சுமந்திருப்பார். மாடு பிடித்துப் போகிறவர் நெஞ்சில் மண்டையோடும் மின்னலும் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. துணி தடிமனா, கழுத்து தொளதொளவென்று ஆகாமல் இருக்குமா என்று மட்டும் இழுத்துப் பார்ப்போம்.

என் நண்பன் நடராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் பவர் டேபிள் தையல் மெஷின் வரிசையில் சூப்பர்வைசராக இருந்தேன். வரவேற்புக்குப் போட என்று தேடித் தேடி ஒரு கறுப்புப் பனியன் வாங்கினேன். தங்க நிறத்தில் சுருள் சுருளாக ஆங்கில எழுத்துகள். அத்தனை அழகு. எழுத்தின் வளைவுகளைத்தான் பார்த்தேன், படிக்கவில்லை. மண்டபத்தில் நடுநாயகமாக நின்று பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டுப் பக்கம் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் வந்திருந்தார். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“தம்பி, பொண்ணோட அம்மா உள்ள இருக்கறாங்களே. நீங்க யாருங்க?” என்றார்.

‘மதர் ஆஃப் தி பிரைட்’ என்று எழுதியிருந்ததாம். மணப்பெண்ணின் தாய். அன்றிலிருந்து இன்று வரை நடராஜ் என்னை ‘அத்தை’ என்றுதான் போனில் அழைக்கிறான்.

அந்த ஊரின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓவர்லாக் மெஷின்கள் விட்டு விட்டு ஓடும். கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடி. வரிசை முழுக்க ஆளுக்கொரு தாளத்தில் மிதிக்கும்போது ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்றாகச் சேரும், பிறகு பிரிந்துவிடும். சாயங்காலம் ஷிப்ட் விட்டு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட நிற்கும்போது எல்லார் தலையிலும் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். இருபது வயதில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் நரைத்திருந்தோம்.

4

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கயல்விழியும் ஓம்காரும் வீட்டுக்குள் வந்தார்கள். ஓம்கார் அவள் வகுப்புத் தோழன். பழைய ஹடப்சரில் பரம்பரையாக இருக்கிற மராத்திக் குடும்பத்துப் பையன். அவன் மராத்தியில் ராப் எழுதுவான். இவள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுவாள், நடுவில் அங்கங்கே தமிழ் வரும். இந்த வருஷம் சிறிய மேடை ஒன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு, தாங்கள் அச்சடித்த சட்டைகளை விற்கவும் அனுமதி. குழுவின் பெயரை மட்டும் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள்.

“ப்பா, கண் மூடுங்க,” என்றாள். “இப்போ திறங்க.”

இரு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கறுப்புத் துணியில் வெள்ளையாக, பெரிதாக: கழகம்.

“எப்படி இருக்கு? ஃபுல் தமிழ்!”

“கழகமா?” என்றேன்.

“ஆமா! நீங்கதான் சொன்னீங்களே. நம்ம ஃபிளாட் சொசைட்டி மீட்டிங்ல எல்லாரும் கத்தினாங்க இல்ல? கலகம் பண்றாங்கன்னு சொன்னீங்க. நான் மீனிங் கேட்டேன். சும்மா இருக்கறவங்களைக் கிளப்பி விடறதுன்னீங்க. அதுதான் ஹிப்-ஹாப், ப்பா!”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. ஃபோனில் ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறாள். ஃபோன் தனக்குத் தெரிந்த சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதை ஓம்கார் சித்திரம் போலத் திருத்தி, அழகுபடுத்தி, அச்சுக்குக் கொடுத்திருக்கிறான். அவள் பெயரில் வர வேண்டிய இடத்தில் வராமல் எங்களை அலையவைத்த எழுத்து, வேண்டாத இடத்தில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

“இது உங்களுக்கு. எக்ஸ்எல்,” என்று ஒன்றை என் மேல் போட்டாள். “நாளைக்கு நீங்க வரணும்.”

அதுவரை அவள் எந்த மேடைக்கும் என்னை வா என்று கூப்பிட்டதில்லை. துணியைக் கையில் உருட்டிப் பார்த்தேன், பழைய பழக்கம். கனமான பின்னல், தையல் நேராக ஓடியிருந்தது. கழுத்தின் உட்பக்கத்துப் பட்டியைத் திருப்பினேன். திருப்பூர் என்று இருந்தது.

“இது எங்க வாங்கினே?”

“ஆன்லைன். சும்மா பிளெய்ன் டீ-சர்ட். பிரின்ட் இங்க பண்ணோம்.”

“நம்மூர்ல தெச்சது கயல்.”

“சச்சி? நிஜமாவா?” என்று கத்தியவள், ஓம்காரின் தோளில் குத்தி மராத்தியில் படபடவென்று ஏதோ சொன்னாள். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான், நானே தைத்துக் கொடுத்தது போல.

சுமதி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“ஏனுங்க, வாயத் தொறந்துறாதீங்க.”

“கழகம்னு இருக்குது.”

“எனக்கும் கண்ணு தெரியுதுங்க. நாளைக்கு மேடை ஏறப் போற புள்ளைகிட்ட இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது? அங்க யாருங்க தமிழ் படிக்கப் போறாங்க?”

அவள் சொன்னது சரி என்றுதான் பட்டது. ஹாலில் இருவரும் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டு பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன்.

5

மைதானத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஷூக்களுக்கென்றே ஒரு வரிசை. தொப்பிகளுக்கு ஒன்று. தகரத் தடுப்புகளில் மூக்கை மூடிக்கொண்டு பையன்கள் பெயின்ட் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வட்டமாக நின்ற கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் ஒற்றைக் கையில் உடம்பைத் தாங்கி, கால்களைக் காற்றில் வெட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து வந்த தாள அடி என் விலாவைத் தட்டியது. எனக்குப் பயமாக இல்லை. ஒரு ஹாலில் இருநூறு மெஷின்களுக்கு நடுவே வேலை பார்த்தவன் நான்.

மேசைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தாள். சட்டைகள் நன்றாகவே போயின. எழுத்தின் சுழிகளை விரலால் தடவிப் பார்த்து வாங்கினார்கள். ஊதா நிறத் தலைமுடி வைத்த ஒரு பெண், இதற்கு அர்த்தம் என்ன அங்கிள் என்று இந்தியில் கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. ‘சங்கம்’ என்றேன். ‘கூல்’ என்று சொல்லி வாங்கிப் போனாள்.

அப்போதுதான் அந்த மூன்று பையன்கள் வந்தார்கள். மகர்பட்டாவில் ஐடி வேலையாக இருக்க வேண்டும், கழுத்தில் கம்பெனிக் கயிறு இல்லாவிட்டாலும் முகத்தில் அது இருந்தது. ஒருவன் தூரத்திலேயே நின்றுவிட்டான்.

“டேய் மச்சி, அங்க பாரு!”

மூவரும் மேசைக்கு வந்தார்கள். சட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணே, மாநாடு எங்கண்ணே?” என்றான் ஒருவன். “வேன் வந்துருச்சா?”

“பிரியாணி உண்டாண்ணே?” என்றான் மற்றவன்.

“சும்மா இருங்கடா. பொதுச்செயலாளரே நேர்ல வந்து உட்கார்ந்திருக்காரு,” என்றான் மூன்றாமவன்.

கெட்ட பையன்கள் இல்லை. வெளியூரில் தமிழ் எழுத்தைப் பார்த்த சந்தோஷம்தான் அப்படிச் சிரிப்பாக வந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கயல்விழி நின்றிருந்தாள்.

“ப்பா, எதுக்குச் சிரிக்கறாங்க?”

மூவரும் சட்டென்று அடங்கினார்கள். நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. “நீ நினைச்சது கலகம். இது கழகம். ஒரு எழுத்து மாறிடுச்சு. கட்சிப் பேர்ல எல்லாம் வருமே, அந்தக் கழகம்.”

“பார்ட்டியா?”

“சங்கம்னு அர்த்தம். ஆனா ஊர்ல கேட்டா கட்சின்னுதான் நினைப்பாங்க.”

ஓம்கார், “காய் ஜாலா?” என்று ஓடி வந்தான். என்ன ஆச்சு என்று கேட்கிறான். அவள் மராத்தியில் சொன்னாள். அவன் சட்டையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அப்படியே புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“உங்களுக்கு நேத்தே தெரியும்.”

“தெரியும்.”

திரும்பி மேடைக்குப் பின்னால் போய்விட்டாள். அவர்கள் முறை வர இன்னும் ஒரு குழுதான் பாக்கி. அவள் பாடாமல் போய்விடுவாளோ என்று பயந்தேன். வீட்டிலேயே இருந்துவிட்ட சுமதிக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தேன், அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது ஓம்கார்தான் முதலில் ஏறினான். மராத்தியில் அவன் பகுதியைப் பாடினான். கூட்டம் கையை ஆட்டியது. அதற்குப் பிறகு அவள் வந்தாள். அதே சட்டையைத்தான் போட்டிருந்தாள். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். வெறும் அடி மட்டும் மெதுவாக ஓடியது.

இந்தியில் பேசினாள். ‘என் சட்டையில் இருப்பது தப்பு’ என்றாள். ‘நான் புரட்சி செய்யக் கிளம்பினேன், என் ஃபோன் என்னை ஒரு கட்சியில் சேர்த்துவிட்டது’ என்றாள். கூட்டம் சிரித்தது. “என்னோட சொல்லுங்க,” என்று மைக்கை நீட்டினாள். “கலகம்!” கூட்டம் சொன்னது. “கழகம்!” கூட்டம் திணறியது. மராத்திக்காரர்கள் தங்கள் ளகரத்தைப் போட்டு ‘களகம்’ என்றார்கள். எந்த அகராதியிலும் இல்லாத மூன்றாவது சொல் அது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து அந்த மூன்று பையன்களும் குதித்தார்கள். “நாக்கை மடக்கு! மேல மடக்கு!” என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினார்கள், கையால் நாக்கு எப்படி வளைய வேண்டும் என்று காட்டினார்கள். ஊதாத் தலைமுடிப் பெண் கண்ணை மூடிக்கொண்டு முயன்றுகொண்டிருந்தாள்.

அடி வேகமெடுத்தது. கயல்விழி தமிழில் ஆரம்பித்தாள்.

“வீட்டுல ஒரு பேச்சு, ரோட்டுல ஒரு பேச்சு,
ரெண்டுக்கும் நடுவுல வாங்குறேன் மூச்சு.
எழுத்து ஒண்ணு மாறிப்போச்சு, என்ன இப்போ ஆச்சு?
தப்பா வந்த சட்டையே என் கொடியாப் போச்சு!”

கடைசி இரண்டு வரிகள் முந்தின நாள் ஹாலில் நான் கேட்காதவை. மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கிறாள். என்னைச் சுற்றி நின்ற யாருக்கும் அதில் ஒரு சொல் தெரியாது. எல்லோரும் ஆடினார்கள். நான் நின்ற இடத்தில் நின்றபடி, பந்தி விசாரிக்கிறவனைப் போல எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வருவதற்குள் மேசை காலியாகிவிட்டது. பொதுச்செயலாளர் என்று சொன்ன பையன்தான் கடைசிச் சட்டையை வாங்கினான்.

6

பெட்டியை ஓம்கார் எடுத்துப் போனான். நாங்கள் இருவரும் வெளியே, ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

“ஏன் சொல்லலை?”

“நீ சந்தோஷமா இருந்தே.”

“நேத்து மட்டும் இல்லப்பா. நீங்க எப்பவுமே சொல்றதில்லை. சின்ன வயசுல நான் தப்பாப் பேசினா உடனே சொல்வீங்க. அப்புறம் விட்டுட்டீங்க.”

அது உண்மை. அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு விசேஷத்துக்காகத் திருப்பூர் போயிருந்தோம். வாசலில் நின்று, ‘அத்தை, பஸ் வந்துட்டா!’ என்று கூவினாள். இந்தியில் பஸ் பெண்பால். சொந்தக்காரப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ‘பஸ்ஸு என்ன உங்க அக்காளா?’ என்று போகும் வரை கேலி. ஊர் திரும்பும் ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். இனி புள்ளையை எதுவும் சொல்ல வேண்டாம், பேசறதே பெரிசு என்று நானும் சுமதியும் அன்றைக்கு முடிவு செய்தோம். அதை இப்போது அவளிடம் சொன்னேன்.

“அன்னைக்கு ஊர்ல அவங்க சிரிச்சாங்க,” என்றாள். “நீங்க சிரிக்கலையே.”

“இல்ல.”

“நீங்க நிறுத்தினதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? மத்லப்... அதாவது, இவளுக்கு இனிமே வராதுன்னு நீங்க கிவ்-அப் பண்ணிட்டீங்கன்னு.”

அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நாங்கள் மூடிய கதவு, அவள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சாத்தப்பட்ட கதவாகத்தான் இருந்திருக்கிறது. அவள் தலையில் ஏதோ நிறப்பொடி ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன். விலகாமல் இருந்தாள்.

“ப்பா, பசி பிடிச்சிருக்கு.”

வழக்கமாக எழுந்து ஏதாவது வாங்கித் தரப் போயிருப்பேன். இந்த முறை உட்கார்ந்தே இருந்தேன்.

“பசி எடுக்குது,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். “சளி மட்டும் பிடிச்சிருக்குன்னு சொல்றோம்?”

“சளி பிடிக்கும். பசி எடுக்கும்.”

“ஏன்?”

“தெரியல. அப்படித்தான்.”

“பசி எடுக்குது,” என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னாள், அடிக்கு ஏற்றாற்போல் விரலால் தொடையில் தட்டிக்கொண்டு.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வயதான அம்மாள் தள்ளுவண்டியில் டீயும் வடாபாவும் விற்றுக்கொண்டிருந்தார். கடந்து போனோம். நான் விரலைக் காட்டி, இங்கே வந்த நாளிலிருந்து சொல்வது போலவே, “மாவ்ஷி, தோன் சஹா தே,” என்றேன். சித்தி, இரண்டு டீ என்று கேட்கிறேன்.

கயல்விழி என் முழங்கையைப் பிடித்தாள். “‘த்யா’ப்பா.”

“என்ன?”

“‘தே’ன்னா ‘குடு’. பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது. ‘த்யா’ன்னா ‘குடுங்க’.”

இந்த ஊரின் டீக்கடைக்காரர்கள் அத்தனை பேரையும் நான் இத்தனை காலமாக ‘குடு’ என்றே கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

“இத்தனை வருஷமா ஏன் நீ சொல்லலை?” என்றேன்.

“நீங்க சந்தோஷமா டீ குடிச்சிட்டு இருந்தீங்க,” என்றாள்.

வண்டிக்கார அம்மாள் கரண்டியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“மாவ்ஷி, தோன் சஹா த்யா,” என்றேன்.